துவைக்கிற கல்

சரவணம்பட்டிப் பக்கம் 1996-இல் மாசாணத்தைத் தெரியாத தோட்டக்காரர் கிடையாது. சர்வேயர் நிலம் அளக்க வந்தால் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் இறங்குகிறவர் அவர்தான். இருபது வருடமாகத் தற்காலிக ஆள். ஐப்பசிக்குள் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். மனிதர் அதற்குள் புதுக் காக்கிச் சட்டையே தைத்து மடித்து வைத்துவிட்டார்!

அந்த நேரம் பார்த்துத்தான், ஊர்க் காரியம் எதற்கும் முன்னால் நிற்கும் ரங்கநாயகியம்மா கிளம்பினார். மழைத்தண்ணீரை ஊர்க்குட்டைக்குக் கொண்டுவரும் பள்ளம் மண்ணும் முள்ளுமாகத் தூர்ந்து கிடந்தது. அந்தம்மா கடப்பாரையோடு இறங்க, பாதி ஊர் மண்வெட்டியோடு பின்னால் இறங்கியது. மூன்று ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் போனது. நாலாவது வாரம் ஒரு கம்பிவேலி குறுக்கே நின்றது. அந்த நிலத்தை வாங்கி வீட்டுமனையாகச் சைட் போட்டு விற்கிறவர், தன் இடத்தில் பள்ளமே இல்லை, இருந்தால் சர்வே கல்லைக் காட்டுங்கள் என்றார். சர்வேயரும் வரைபடத்தில் பள்ளம் இருக்கிறது, ஆனால் மூன்று ஊர் எல்லை சேரும் இடத்தில் நட்டிருந்த கல் இல்லாமல் தரையில் எங்கே கோடு போடுவது என்று கையை விரித்துவிட்டார்.

மாசாணம் வாயே திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? அந்தக் கல்லின் மேல்தான் அவர் மனைவி தெய்வாத்தாள் தினமும் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்த தோட்டக்காரர் அதைப் பிடுங்கி எறியச் சொன்னார். பெரிய மனிதர் பேச்சைத் தட்ட முடியவில்லை. வறண்ட பள்ளத்துக்குக் கல் எதற்கு என்றும் தோன்றியது. நல்ல கல்லை எறிய மனசு வராமல் மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

இப்போது சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் குட்டை போகும். இரண்டு நாள் அந்தக் கல்லையே சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் காலையில் கல்லைப் புரட்டிப் போட்டார். அடிப்பக்கம் உளியால் கொத்திய எல்லைக்குறி தெரிந்தது. தெய்வாத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“ஏனுங்க, ஊர்ப் பள்ளத்தை மறைச்சுப்போட்டுத்தானா நான் பன்னெண்டு வருசமாத் தொவைச்சுட்டு இருந்தனுங்க?”

“ஆமா அம்மணி.”

அவள் திட்டவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கல்லின் ஒரு முனையைப் பிடித்தாள். பழைய இரும்பு வியாபாரி ஷேக் பரீத் தன் தள்ளுவண்டியைக் கொடுத்து, கூடவே தள்ளிக்கொண்டும் வந்தார்.

கம்பிவேலிக்கு முன்னால் கூடியிருந்த ஊர்க்கூட்டத்தின் நடுவே வண்டி நின்றது. நான்தானுங்க புடுங்குனேன் என்று சர்வேயர் முகத்தைப் பார்த்தே சொன்னார் மாசாணம். கல் இருக்கிறது, இடம் எங்கே என்று சைட்காரர் சிரித்தார். மாசாணம் பக்கத்துக் கோயில் விளக்குத்தூணிலிருந்து பழைய அளவை நினைவில் வைத்து அடி எண்ணி நடந்து, வேலிக்குள் புகுந்து, ஓரிடத்தில் குதிகாலை ஊன்றித் தோண்டச் சொன்னார். இரண்டடியில் கரித்துண்டுகள் வந்தன. அந்தக் கல்லை நட்டவர்கள் அடையாளத்துக்காக அடியில் போட்டவை. அட, சங்கிலியே இல்லாமல்! என்ன மனிதரப்பா! கல் பழைய குழியில் இறங்கியது, வேலி விலகியது.

மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காக்கிச் சட்டை மடித்தபடியே பெட்டிக்குள் கிடந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பள்ளத்தில் தண்ணீர் வருகிறதென்று ஊரே ஓடியது. மாசாணம் மட்டும் கட்டிலை விட்டு எழவில்லை. ரங்கநாயகியம்மா நனைந்துகொண்டே வாசலுக்கு வந்தார்.

“குட்டை வாயில கடைசி மண்ணை வெட்டாம வெச்சிருக்கறமுங்க. நீங்கதான் வெட்டோணுமுன்னு ஊரே நிக்குது.”

“கல்லைப் புடுங்குன கைங்க இது” என்றார் மாசாணம். தெய்வாத்தாள் பெட்டியைத் திறந்து காக்கிச் சட்டையை எடுத்து உதறி நீட்டினாள்.

“இதைப் போட்டுட்டுப் போங்க.”

அவர் அதைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு மழையில் இறங்கினார்.