சியோலின் ஓட்டுவீட்டு ஒழுங்கைகள்

என் கணவர் பதினேழு வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பக்கப் பார்வை போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன கிழமையே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். நேரே பார்த்தால் என் முகம் அவருக்குத் தெரியும். என் கையில் இருக்கும் தேத்தண்ணிக் கோப்பை தெரியாது. படி, கதவுநிலை, நிலத்தில் கிடக்கும் சாமான் ஒன்றும் தெரியாது.

எங்கள் ஒரே மகள் அப்போதுதான் படிப்பு முடித்து, கொரியாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை கிடைத்துப் புறப்பட ஆயத்தமாக இருந்தாள். எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டின் ஹோலில் அவளுடைய சூட்கேஸ் திறந்தபடி கிடந்தது. அவர் இரண்டு தரம் அதில் தடக்கினார்.

"பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம். சொன்னால் போகமாட்டாள்," என்றார்.

"எப்பிடியும் தெரியத்தானே போகுது."

"தெரியட்டும். போன பிறகு தெரியட்டும்."

முதுகு நோவால் வேலையை விட்டுவிட்டதாக அவளிடம் சொன்னோம். அவள் போனாள். ஞாயிறு தோறும் போன் எடுப்பாள். அவர் தான் பார்த்த கிரிக்கெட் மேட்ச்சைப் பந்து பந்தாக விவரிப்பார். உண்மையில் ரேடியோவில் கேட்டதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே போகும்போது நான் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். ஒருமுறை அழுத்தினால் ஏற வேண்டும், இருமுறை அழுத்தினால் இறங்க வேண்டும். இந்த வயதிலும் கைகோத்துத் திரிகிறோம் என்று மரக்கறிக் கடைக்காரர் பகிடி பண்ணினார். நாங்கள் மறுக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் வரச் சொல்லி மகள் வற்புறுத்தினாள். நான் ஏலாது என்றேன். அவர்தான் கேட்கவில்லை. "கண் இருக்கேக்க பிள்ளை இருக்கிற இடத்தைப் பாத்திட வேணும்," என்றார்.

சியோலுக்குப் போன மூன்றாம் நாள், பழைய ஓட்டு வீடுகள் இருக்கும் ஒரு பகுதியை நடந்தே சுற்றிக்காட்டும் குழுவில் மகள் எங்களையும் சேர்த்திருந்தாள். வழிகாட்டி என் வயதுப் பெண், கட்டை முடி, கையில் சின்னக் கொடி. வீடுகளுக்குள் ஆட்கள் குடியிருக்கிறார்கள், மெதுவாகக் கதையுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டாள். குறுகலான ஒழுங்கைகள் மலைச்சரிவில் ஏறிப் போயின. இரண்டு பக்கமும் கல் மதில், அதற்கு மேலே நுனி வளைந்த சாம்பல் நிறக் கூரைகள். பெரிய மனிதர்களின் வளவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சாதாரணக் குடும்பங்களுக்காகக் கட்டியவைதான் இவற்றில் பல என்று அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். நான் அரைவாசியும் கேட்கவில்லை. குனிந்து ஒவ்வொரு படியாகப் பார்த்து, அவர் முழங்கையை அழுத்திக்கொண்டே போனேன்.

மகள் கமராவோடு முன்னால் போனாள். "அப்பா, அங்க பாருங்கோ," என்று ஒரு கூரையைக் காட்டினாள்.

"ஓம், நல்ல வடிவு," என்று அவர் மற்றப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

அவள் கமராவைத் தாழ்த்தி அவரையே பார்த்தாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு பார்வையாளருக்குத் திறந்திருந்தது. மரக் கதவின் அடியில் முழங்கால் அளவுக்கு ஒரு குறுக்குக் கட்டை. ஆட்கள் நெருக்கிக்கொண்டு நுழைந்தபோது என் பிடி விலகிவிட்டது. அவர் கட்டையில் இடறி, முற்றத்தில் முழங்காலில் விழுந்தார்.

மகள் ஓடிவந்து எதிரே குந்தினாள். அவருடைய உள்ளங்கை இரண்டும் உரஞ்சியிருந்தன.

"சப்பாத்து வழுக்கினது," என்றார்.

அவள் தன் வலக்கையை அவருடைய காதோரம் உயர்த்தி விரல்களை ஆட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவள் அவருடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஹௌ லோங்?"

"நீ கொரியாவுக்கு வெளிக்கிட முன்னமே," என்றேன்.

வழிகாட்டிக்கு விளங்கிவிட்டது. மற்றவர்களை முற்றத்தைப் பார்க்க விட்டுவிட்டு, அவருடைய கையைப் பிடித்துத் தூணில் வைத்தாள். பிறகு கதவில் ஒட்டியிருந்த தாளில் வைத்தாள். முசுக்கட்டை மரப்பட்டையில் செய்த தாள் என்றாள். அவர் விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றி அறைக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார். "இஞ்ச, நிலம் சுடுகுது." முந்தி அடுப்புப் புகையை நிலத்துக்குக் கீழால் விட்டுச் சூடாக்கினார்கள், இப்போது சுடுதண்ணீர்க் குழாய் என்று அவள் சொன்னாள். குழாய் ஒழுகினால் நிலத்தைக் கிண்டுவீர்களா என்று அவர் கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முற்றத்தின் மூலையில் மகள் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல். தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அதுக்குத்தான் சொல்லேல்ல."

"எவ்ரி சண்டே, அம்மா. எவ்ரி சண்டே என்னை ஏமாத்தினீங்க." கண்ணீர் ஓடியது.

"பிழைதான்," என்றேன்.

அவர் வெளியே வந்து மரத் தளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், அவருக்குச் சப்பாத்தைப் போட்டு லேஸைக் கட்டினாள். அவர் தடவி அவள் தலையைக் கண்டுபிடித்துக் கை வைத்தார்.

"வேலையை விட்டிட்டு வந்திடாத, பிள்ளை."

"நீங்க இனி பொய் சொல்லக் குடாது. அப்ப வேலையை விடமாட்டன்."

"சரி," என்றார்.

மிச்ச வழி முழுக்க அவள்தான் அவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அழுத்துகிற கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டுத் தன் உடைந்த தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனாள். "இப்ப மேல மூண்டு படி. வலப்பக்கம் பெரிய மரம், இலை எல்லாம் மஞ்சள்." நான் வெறும் கையோடு பின்னால் நடந்தேன். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது கூரைகள் ஒன்றின் தோளில் ஒன்றாகக் கீழே நகரம் வரைக்கும் இறங்கிப் போயின. வந்ததிலிருந்து அப்போதுதான் அவற்றைப் பார்க்கிறேன் என்று தெரிந்தது.

அவள் அந்த வருடத்தை முடித்து, இன்னொரு வருடமும் நின்றாள். அவருடைய கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்து கேட்டது. நடுப் பார்வை இன்றைக்கும் இருக்கிறது. நாங்கள் லண்டன் திரும்பிய முதல் ஞாயிறு போன் வந்ததும் நான் அவரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"இண்டைக்குச் சொதியைக் கோப்பைக்கு வெளியில ஊத்திப்போட்டன், பிள்ளை," என்றார். "அம்மா ஒண்டும் சொல்லாமல் துடைச்சவ."