மியூசியத்தில் ஸ்ரீதேவி மாப்பிள்ளை பார்த்த கதை

சேலத்தில் பெண் பார்க்க இடம் தேடுகிறவர்களுக்குக் கோயிலை விட்டால் மியூசியம்தான். டிக்கெட் மலிவு, ஃபேன் ஓடும், பேச்சு நின்றுபோனாலும் பார்க்க ஏதாவது இருக்கும். அங்கே காவல் வேலை பார்க்கும் ஸ்ரீதேவிக்கு இதெல்லாம் அத்துப்படி. இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று தெரியாதது போல நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவாள். குடுவையில் பாம்பு மிதக்கும் அறைப்பக்கம் விடாமல், பறவைகளையும் வீணைகளையும் காட்டி நைஸாக நகர்த்திக்கொண்டு போவாள். அவள் புண்ணியத்தில் முடிந்த கல்யாணங்கள் ஊருக்குள் நிறைய. முப்பத்தெட்டு வயதாகியும் அவளுக்கு மட்டும் முடியவில்லை.

ஜாதகத்தில் ஒரு கோளாறும் இல்லை. வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட வேண்டும். அவளா விடுவாள்? காலையில் கதவைத் திறந்ததும் பாடம் செய்த கரடியின் மூக்குத் தூசியைத் தட்டி, பழைய காசுகளின் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து, நடுகல் வீரனிடம் நாலு வார்த்தை பேசாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்தமுறை அண்ணன் கைலாசம் கொண்டுவந்த வரன் எடப்பாடி முருகானந்தம். மனைவியை இழந்தவர், சொந்தமாக விசைத்தறி ஓட்டுகிறவர்.

"ஞாயித்துக்கெழம வாராரு. நீ டூட்டியிலயே இரு. வேலைப் பேச்ச மட்டும் எடுத்துராத சாமி. இதையும் கெடுத்துப்போடாத" என்று கைலாசம் கெஞ்சினான்.

ஞாயிறு காலை கதவு திறந்ததுமே முருகானந்தம் வந்து நின்றார். ஊர்க் கல்யாணத்தையெல்லாம் முடித்து வைத்தவளுக்குத் தன் முறை வந்தபோது கைகால் ஓடவில்லை. பறவைகளைக் காட்டினாள். "ம்" என்றார். காசுகளைக் காட்டினாள். அதற்கும் "ம்"தான். கைலாசம் பின்னால் வந்துகொண்டு பெருமூச்சு விட்டான்.

துணிகள் இருந்த கூடத்தில்தான் வினை வந்தது. யாரோ ஒரு ஜமீன் வீட்டுப் பட்டுப்புடவையை மரச்சட்டத்தில் விரித்துத் தொங்கவிட்டு, முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். தறிக்காரர் கை தானாகக் கயிற்றைத் தாண்டிப் போய் முந்தானை ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தது.

"கைய எடுங்க. தொடக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. கைலாசத்தின் முகத்தில் ஈயாடவில்லை. சொன்ன பிறகுதான் யாரை அதட்டினோம் என்பதே ஸ்ரீதேவிக்கு உறைத்தது. வெட்கத்தில் செத்தாள்.

முருகானந்தம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "தப்புதானுங்க. துணியக் கண்டா இந்தக் கை சும்மா இருக்க மாட்டேங்குது. இனி இப்பிடியே வாரேன், மீதியக் காட்டுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்புறம் பீரங்கி எங்கிருந்து வந்தது, கரடிக்குள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று அவர் கேட்கக் கேட்க, அவள் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு போனாள். பாம்பு அறைக்குள் கூட்டி வந்துவிட்டதையே கவனிக்கவில்லை. மனசுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது. மறைத்துக் கட்டிக்கொண்டு பிறகு அழுவதைவிட இப்போதே சொல்லிவிடலாம் என்று துணிந்தாள்.

"ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. கல்யாணமானாலும் இந்த வேலைய நான் உடமாட்டேன்."

கைலாசம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தெரியுமுங்க, விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார் முருகானந்தம். "உங்கண்ணன் காரு அனுப்பறேன்னாருங்க. நாந்தான் வேண்டாம்னுட்டு எடப்பாடில பஸ் ஏறுனேன். நீங்க தெனமும் வந்து போகோணுமே, தோதுப்படுமான்னு பாக்கோணுமில்லீங்க? உக்கார எடம் கெடைக்குது. கதவு தொறக்க முந்தியே வந்து டீயும் குடிச்சாச்சு."

ஸ்ரீதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குடுவைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சாயங்கால பஸ்ஸு கூட்டமா இருக்குமுங்களே" என்றாள்.

"அப்ப சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருந்து அதையும் பாத்துப்போடறனுங்க" என்றார் அவர்.