காளான் பறிக்க மூன்று கத்தி, ஒரு பெட்டி

காளான் பறிக்கும் கத்திக்கு நான் யோசித்த அளவு என் கல்யாணத்துக்குக்கூட யோசித்ததில்லை.

வளைகுடா வேலையை விட்டுவந்து, குலசேகரத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் பழைய புகைக்கூடத்தைக் கழுவிச் சிப்பிக் காளான் போட்டிருந்தேன். மொட்டு எட்டிப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு ஆயுதக் கவலை வந்துவிட்டது. ராத்திரி பகலாக செல்போனில் வீடியோ பார்த்து, வளைந்த கத்தி ஒன்று, துருப்பிடிக்காத கத்தி ஒன்று, பிரஷ் வைத்த கத்தி ஒன்று என்று வரவழைத்தேன். மூன்றாவது வந்த அன்று என் மனைவி ஒரு கொத்தின் அடியைப் பிடித்து லேசாகத் திருகினாள். அது அப்படியே கையோடு வந்துவிட்டது.

"இதுக்கா இவ்வளவு? யார வெட்டப் போறிய?" என்றாள்.

அவள் சுசீந்திரத்துக்காரி. வெங்காயம் அரிந்த கத்தியைக்கூட மூன்று முறை கழுவும் சுத்த சைவக் குடும்பம். மீன் இல்லாமல் சோறு இறங்காத என்னைக் காதலித்துக் கட்டிக்கொண்டதில், அந்த வீட்டுக் கதவு அவளுக்கு அடைத்துக்கொண்டது. பல வருடம் கழித்து அவள் அண்ணன் போன் செய்தார். மகளுக்குக் கல்யாணமாம். முந்தின நாள் சாப்பாட்டுக்குத் தேங்காய் வறுத்தரைத்துக் காளான் தீயல் வைக்கப்போகிறார்களாம், காளான் எங்களிடமிருந்தே வரட்டுமாம். போனை வைத்துவிட்டு அவள் அழுதாள், பிறகு அழுததற்காகச் சிரித்தாள். எனக்கோ இடுப்பில் மூன்று கத்தியும் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கவேண்டும் போல இருந்தது.

பறித்ததைப் போடப் பெட்டி வேண்டும் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. வளைகுடாவில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன் இப்போது தேங்காய்ப்பட்டணத்தில் மீன் வியாபாரம் செய்கிறான். "வெலைக்கு எதுக்கு மக்கா வாங்குத? எனக்க கிட்ட பழைய பெட்டி கெடக்கு, கொண்டு போ" என்றான். நல்ல பிளாஸ்டிக் பெட்டி, காற்றுப் போக ஓட்டை, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கலாம். கத்தியின் இரும்பு என்ன ரகம் என்றுகூட விசாரித்த நான் பெட்டியை ஒரு நிமிடத்தில் முடிவு செய்தேன்.

முட்டாள்தனமாக அப்படியே விட்டுவிடவும் இல்லை. சோப்புத்தூள், சுண்ணாம்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்து மொட்டைமாடியில் காயவைத்தேன். நான் மோந்து பார்த்தேன். என் மூக்கை நம்பாமல் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பெட்டிக்குள் முகத்தை விட்டு மூச்சிழுத்து, "ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு" என்றாள். அது போதாதா? அவளுடையது சைவ மூக்கு அல்லவா.

காளான் பெட்டிகளோடு நாங்கள் போய் இறங்கியபோது, சுசீந்திரத்தில் வீட்டுக்குப் பின்னால் பந்தலிட்டு அடுப்பு மூட்டியிருந்தார்கள். சமையல்காரர் ஒரு பெட்டியைத் திறந்தார், உடனே மூடினார். பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அண்ணன் வந்து குனிந்து பார்த்தார்.

"மாப்பிள, இது எந்தக் கடல்ல வெளஞ்ச காளான்?"

நான் பதிலுக்கு, காளானை வெட்டக்கூடாது, திருகித்தான் எடுக்கவேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். அந்த இடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் கழித்து வந்தவளிடம் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைத்தாள் போலும். ஒரு கொத்தை அள்ளி எல்லார் முன்னாலும் மோந்தாள்.

"நல்லாப் பாருங்கண்ணா. ஒரு வாடையும் இல்ல."

அண்ணன் இப்போது பெட்டியைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தார். அவர் குரலில் கோபமும் இல்லை.

"ஏட்டி, நெசமாட்டு உனக்குத் தெரியலியா?"

நான் வெட்கப்பட்டது காளான் வீணானதற்காக அல்ல. முதலில் எனக்காக மீன் சமைக்க மட்டும் கற்றுக்கொண்டவளுக்கு மீன் வாடை எப்போது வாடையாகவே தெரியாமல் போனது என்று எனக்கும் தெரியாது. அவள் கொத்தை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மூச்சிழுத்தாள். அப்போதும் அவளுக்கு எந்த வாடையும் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.