ஆருன்னொக்கட்டி

பதினெட்டு நிமிடம் ஓடும் அந்தப் பதிவில் மொத்தமே ஐந்து சுரங்கள்தான். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நாலு பேரும் சேர்ந்து ஒரு சின்னத் துணுக்கை எட்டு முறை வாசிப்போம். ஒன்பதாவது முறை அதில் ஒரே ஒரு சுரம் மாறும். அந்தப் புதிய துணுக்கை மறுபடி எட்டு முறை. தொடக்கத்தில் நடையாகப் போவது பாதிக்கு மேல் ஓட்டமாகிவிடும். நான் வாசிப்பது வயோலா. வயலினுக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பும் கொஞ்சம் பெரிது, குரலும் கனம்.

மூன்று மாதம் நான் வீட்டில் சாதகம் செய்ததைக் கேட்ட அம்மா ஒரு நாள் வந்து நின்றாள்.

"இது எப்போ ஆரம்பிக்கும்?"

ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகிறது என்றேன். "ஆங்" என்று சொல்லிவிட்டுப் போய் மிக்ஸியைப் போட்டாள்.

அம்மா திருத்தணி பஜாரில் அரிசிக் கடை வைத்திருந்தவள். எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் ஒரே தட்டில் சாப்பிடும். கோபம் தமிழில், கொஞ்சல் தெலுங்கில், எண்ணிக்கை இரண்டும் கலந்து. எண்ணிக்கை எந்த மொழியில் நடக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் அன்றைக்கு அந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன்.

குழுவில் மற்ற மூவரும் சென்னைக்காரர்கள். முதல் வயலின் வாசிப்பவர்தான் அந்த இசையை எழுதியவர். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். காலியான பெரிய கூடத்தின் ஒலி வேண்டும் என்று அவர் அலைந்துகொண்டிருந்தபோது, எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தைச் சொன்னது நான்தான். கருங்கல் தரை, உயரமான கூரை. மார்கழியில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடக்கும். ஆனால் கிடைத்தது ஒரே ஒரு நாள். மலையில் படித் திருவிழா நெருங்கிவிட்டதால் அன்று மாலை நாலு மணிக்கு ஒரு பஜனைக் கோஷ்டி வந்து இறங்குவதாக ஏற்பாடு.

நான் குழுவில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ரயிலில் வந்து போகிற ஆள் சரிப்படுமா என்று செல்லோ வாசிக்கும் சாருக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். இந்தப் பதிவு ஒழுங்காக வந்தால் நான் குழுவில் இருப்பேன், இல்லையென்றால் சென்னையில் வேறு ஒருவர் தயாராக இருக்கிறார் என்று அக்காவே சொல்லிவிட்டார். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

காலை ஒன்பதரைக்குத் தொடங்கினோம். முதல் முறை, மலைக்குப் போகும் வேன் ஒன்று ஹாரன் அடித்துக் கெடுத்தது. இரண்டாம் முறை கூரையில் இருந்த புறாக்கள். மூன்றாம் முறை எந்த இடைஞ்சலும் இல்லை, நான்தான் கெடுத்தேன். மூவரும் புதிய சுரத்துக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் பழையதிலேயே நின்றுகொண்டிருந்தேன். நாலாம் முறையும் அதே கதை. ஐந்தாம் முறையும்.

"மெதுவா போறப்போ சரியாத்தான் வர்றீங்க. வேகம் எடுத்தா மட்டும் ஒரு சுத்து பின்னாடி நிக்கறீங்க. எட்டு வரைக்கும் எண்றதுல என்னங்க கஷ்டம்?" என்றார் சார்.

எண்ணத் தெரியாதவள் என்று என் ஊரிலேயே வைத்து ஒருவர் சொல்கிறார். காது சுட்டது.

மதியம் அம்மா புளிசாதமும் வடையும் எடுத்துக்கொண்டு வந்தாள். இலையில் சாதம் போட்ட பிறகும் நாங்கள் யாரும் கை வைக்கவில்லை.

"சோத்தை ஆறவெச்சுகினு எல்லாரும் யாரு மூஞ்சியப் பாத்துகினு இருக்கீங்க?"

தூக்கிலிருந்து வடைகளை எடுத்து இலையில் வைக்க ஆரம்பித்தாள். கடையில் படியால் அரிசி அளந்த நாளிலிருந்து அவளுக்கு எண்ணாமல் எதையும் எடுத்துவைக்க வராது.

"லாபம், ரெண்டு, மூடு, நாலுகு, அய்து, ஆரு, ஆருன்னொக்கட்டி, எனிமிதி."

எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தெலுங்கில் இன்னொன்றும் உண்டு. ஏழுக்கு ஏடு என்று பெயர். அழு என்பதற்கும் அதே சொல். தானியம் அளக்கிற இடத்தில் அழு என்று யார் சொல்வார்கள்? அதனால் அந்த இடத்தில் 'ஆறும் ஒன்றும்' என்று சுற்றி வளைத்து, ஆருன்னொக்கட்டி என்பார்கள். நான் கடை மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவள். என் மனசுக்குள் ஓடுவதும் அதே எண்ணிக்கைதான். நிதானமாக வாசிக்கும்போது அந்த நீளச் சொல் ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடும். ஓட்டத்தில் அடங்காது. 'ஆருன்னு' ஏழாவது சுற்றிலும் 'ஒக்கட்டி' எட்டாவதிலும் விழும். நான் எனிமிதிக்கு வருவதற்குள் மற்றவர்கள் அடுத்த துணுக்குக்குப் போயிருப்பார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் தமிழில் எண்ணி வாசித்துப் பார்த்தேன். இங்கிலீஷில் எண்ணிப் பார்த்தேன். கவனமெல்லாம் எண்ணிக்கைக்குப் போய் வில் தடுமாறியது. ஆறு மாதம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இருந்தது ஒரு மணி நேரம். மாற்றுவதென்றால் ஒரு சொல்லைத்தான் மாற்ற முடியும்.

பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஏடுன்னு சொல்லப் போறேம்மா."

"தாலி கட்ற எடத்துல நின்னுகினு அழுன்னு சொல்லுவியா?"

"மனசுக்குள்ளதாம்மா."

"மனசுல சொன்னா மட்டும்? வேணாண்டி. வெளங்காது."

வாதாட நேரமில்லை. மண்டபத்து மேலாளர் வந்து, பஜனைக் கோஷ்டி அரக்கோணத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். சார் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு முறைதான். நான் அக்காவிடம் போனேன்.

"அக்கா, இதுலயும் நான் விட்டுட்டா, நீங்க சொல்ல வேணாம். நானே எறங்கிக்கறேன்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். உட்கார்ந்தோம்.

நடை ஒழுங்காகப் போயிற்று. ஓட்டம் தொடங்கியது. முதல் ஏழு வந்தது. ஏடு என்றேன், எனிமிதி என்றேன், நாலு பேரும் ஒன்றாக மாறினோம். சார் ஒரு புருவத்தை உயர்த்தியது தெரிந்தது. அடுத்த துணுக்கு, அடுத்த ஏடு. நாக்கு பழைய சொல்லுக்கே ஓடியது, ஒவ்வொரு முறையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அழு, அழு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன்.

முடிய இரண்டு நிமிடம் இருந்திருக்கும். என் நாற்காலிக்கு நேரே இருந்த ஜன்னலில் வாசல் கேட் தெரிந்தது. பஜனைக் கோஷ்டியின் வேன் வந்துவிட்டது. டிரைவர் கை ஹாரனில் இருக்கும், அடிக்கப் போகிறான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். வேனுக்கு முன்னால் அம்மா நின்றிருந்தாள். ஒரு கையை அகல நீட்டி வழியை மறித்து, மறு கை விரலை உதட்டில் வைத்திருந்தாள். வேனுக்குள் மிருதங்கத்தை மடியில் வைத்திருந்த ஆள்கூட அசையாமல் உட்கார்ந்திருந்தார். விளங்காது என்று சொன்னவள்தான் அங்கே நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே கடைசி ஏடு சொன்னேன்.

வாசித்து முடித்ததும் பத்து விநாடி யாரும் மூச்சுவிடக் கூடாது, கூடத்தின் ஒலி அடங்குவதும் பதிவில் வேண்டும் என்று ஒலிப்பதிவாளர் சொல்லியிருந்தார். ஏழாவது விநாடியோ எட்டாவதோ, என்னால் முடியவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டேன்.

அதை வெட்டிவிடலாம் என்றார் சார். இருக்கட்டும் என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒத்திகை. பத்து மணி ரயிலைப் பிடிக்காதீங்க, லேட்டாயிடும்" என்றார்.

பதிவு தயாராகி வந்ததும் அம்மாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். பதினெட்டு நிமிடமும் நகராமல் கேட்டாள். எப்போ ஆரம்பிக்கும் என்று கேட்கவில்லை. கடைசிச் சுரம் நின்றது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உறிஞ்சல் வந்த இடத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, ஏடு சொன்ன, அழுத" என்றாள்.