தெல்மாவின் தோட்டத்துக்கு வந்த பஸ்

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் தோட்டச் சங்கம் இல்லாத ஊரைப் பார்ப்பது கஷ்டம். மாதம் ஒரு கூட்டம் உண்டு. ஊர்ப் பொதுக்கூடத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, வெளியூர்ப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்து, தோட்டம் போடுவது எப்படி, செடியை எங்கே வைப்பது, எப்போது வெட்டுவது என்று படம் போட்டுப் பேசச் சொல்வார்கள். முதல் வரிசையில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள், பேச்சாளர் கடித்துவிடுவார் பாருங்கள். பேச்சு எதைப் பற்றி இருந்தாலும் கடைசியில் வரும் முதல் கேள்வி நத்தையை எப்படி ஒழிப்பது என்பதுதான். பிறகு தேநீர், பிஸ்கட், பரிசுச் சீட்டுக் குலுக்கல், வீடு.

இந்த வட்டாரத்தில் தெல்மா கார்சைட் பேசாத கூடம் இல்லை. படித்துப் பட்டம் வாங்கியவள் அல்ல. பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசில் பாதியை உருளைக்கிழங்கு மசித்தே கழித்தவள். ஒரு குளிர்காலத்தில், பனியில் மாட்டிக்கொண்டு பேச்சாளர் வராமல் போக, கூட்டம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் தெல்மா எழுந்து தன் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அன்றைக்கு எழுந்தவள்தான், அப்புறம் உட்காரவே இல்லை.

'சின்ன இடம், பெரிய தோட்டம்' என்று பேச்சுக்குப் பெயர். வருஷக்கணக்காக அதே பேச்சு, அதே படங்கள், அதே நகைச்சுவை.

"வாசல்ல நின்னே முழுத் தோட்டத்தையும் பாத்துட்டா அப்புறம் மனுசன் உள்ள எதுக்கு வரணும்? பாதைய வளைங்க. வளைவுல ஒரு புதர வைங்க. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒரு ஆசை வேணும்ல? ரோஜாவ வெட்டுறப்ப பாவம் பாக்காதீங்க, மாமியார நெனச்சுக்கிட்டு வெட்டுங்க."

மாமியார்கள் உட்பட எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு படம் மாறும். செங்கல் பாதை வளைந்து போகும். அதன் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு நீலநீலமாக டெல்ஃபினியம் பூத்து நிற்கும். கடைசிப் படத்தில் தெற்குச் சுவரோடு ஒட்டி, கைகளை விரித்தபடி ஒரு பேரிக்காய் மரம். அது அவள் கணவர் கிளிஃப்பர்ட் வளர்த்தது. கல் சுவரில் ஆணி ஆணியாக அடித்து, ஒவ்வொரு கிளையையும் கம்பியில் இழுத்துக் கட்டி, மரத்தைச் சுவரிலேயே படர விட்டிருந்தார். அந்தப் படம் வந்ததும் கூடத்தில் 'ஆகா' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அதைக் கடைசியில் வைத்திருந்தாள்.

ஆனால் அந்தத் தோட்டம் கைவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. கிளிஃப்பர்டுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டு டவுனில் தரைத்தள ஃப்ளாட் ஒன்றுக்கு வந்துவிட்டார்கள். இப்போது அவளிடம் இருப்பது ஜன்னலோரம் நாலு தொட்டி. கூட்டத்தில் மட்டும் 'எங்க தோட்டம், எங்க தோட்டம்' என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தோட்டம் இல்லாதவளைத் தோட்டம் பற்றிப் பேச எவர் கூப்பிடுவார்? பேச்சும் போய்விட்டால் அந்த ஃப்ளாட்டின் நாலு சுவர்தான் கதி என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"வித்த மாட்ட இன்னும் கறந்துக்கிட்டு இருக்க, தெல்" என்பார் கிளிஃப்பர்ட்.

"பால் வருதுல்ல? சும்மா கெட."

இப்படியே போயிருக்கும், ஸ்கெல்பி ஊர்க் கூட்டத்தில் வாயை விடாமல் இருந்திருந்தால். பேச்சு முடிந்ததும் யாரோ, "உங்க தோட்டத்த நேர்ல பாக்கணும் போல இருக்கு" என்றார்கள். "அதுக்கென்ன, எப்ப வேணும்னாலும் வாங்க" என்றாள் தெல்மா. இந்த ஊர்களில் 'எப்ப வேணும்னாலும் வாங்க' என்றால் தயவுசெய்து வந்துவிடாதீர்கள் என்று அர்த்தம். அது தெரியாதவர் யாரும் இங்கே இல்லை. வருஷக்கணக்காக அவளும் ஊர் ஊராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள், ஒருத்தரும் வரவில்லை.

ஸ்கெல்பி சங்கத்துக்கோ புதுச் செயலாளர். மூரியல் பிக்கரிங் என்று பெயர். எடுத்த காரியத்தை முடிக்காமல் தூங்காத பிறவி. ஜூன் மாதச் சுற்றுலாவுக்கு அவள் பேசி வைத்திருந்த பெரிய தோட்டத்தை ஏதோ செடிநோய் என்று சாத்திவிட்டார்கள். பஸ்ஸுக்கு முன்பணம் கட்டியாயிற்று. தெல்மாவுக்குப் போன் வந்தது.

"கண்ணு, நீ எப்ப வேணும்னாலும் வாங்கன்னு சொன்னியே, நெனவிருக்கா? ஜூன் ரெண்டாவது சனிக்கிழம. பஸ் நிறைய ஆளு. கேக்கு நாங்களே கொண்டாந்துடுறோம். ஒனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லையே?"

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரியாக இருந்தால் தலைவலி, வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லித் தப்பியிருப்பாள். தெல்மா, "ரொம்ப சந்தோஷம்" என்றாள். போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அப்புறம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மூரியல் யாரையாவது பேசவிட்டால்தானே! யார் எந்த கேக் செய்கிறார்கள், எந்தக் கிழவருக்கு பஸ்ஸில் முன்சீட்டு வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துகொண்டதுதான் மிச்சம். தெல்மா ஊருக்கெல்லாம் கொடுத்திருந்த அட்டையில் பழைய வீட்டு முகவரிதான் இருந்தது. பஸ் நேரே அங்கேதான் போய் நிற்கும்.

வேறு வழியில்லாமல் ஒரு நாள் கிளம்பிப் பழைய வீட்டுக்குப் போனாள். விற்ற பிறகு அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுத்தவள் இல்லை. வீட்டை வாங்கியவன் கிரெய்க் ஓல்ட்ராய்ட், ஊர் ஊராகப் போய் பாய்லர் பழுது பார்க்கிறவன். கதவைத் திறந்தவன் அடையாளம் கண்டுகொண்டு சிரித்தான்.

"மிஸஸ் கார்சைட்! வாங்க வாங்க. பின்பக்கம் பாக்குறீங்களா? மாத்தியிருக்கோம்."

மாற்றியிருந்தான். சுவருக்குச் சுவர் பிளாஸ்டிக் புல். நடுவில் பிள்ளைகள் குதிக்கிற வலைமேடை, மூலையில் உட்கார்ந்து குளிக்க மூடி போட்ட ஒரு வெந்நீர்த் தொட்டி. செங்கல் பாதை இல்லை, நீலப் பூ இல்லை. தெற்குச் சுவர் மொட்டையாக நின்றது. அதில் ஆணிகள் மட்டும் வரிசை வரிசையாக இருந்தன.

"ரொம்ப நீட்டா வச்சிருக்க" என்றாள் தெல்மா.

"சின்னவளுக்கு மூச்சு எளைப்பு. பூ வந்தாலே ராப்பூரா இழுக்கும். டாக்டர் சொல்லிட்டாரு. இது பரவால்ல, தூசி உறிஞ்சுற மிஷின வச்சு ஒரு இழுப்பு இழுத்தா முடிஞ்சுது. அந்த ஆணிங்களக்கூடப் புடுங்கப் பாத்தேன், சுவரே கூட வந்துடும்போல இருக்கு. விட்டுட்டேன்."

அவன்மேல் கோபப்பட அவளுக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"வரட்டுங்க, நம்ம என்ன கொறஞ்சா போயிடப்போறோம்? வீட்டுக்காரி ஷெல்லிகிட்ட டீ போடச் சொல்றேன். ஆனா வர்றவங்களுக்கு என்னத்தக் காட்டுவீங்க?"

நியாயமான கேள்விதான்.

வீட்டுக்கு வந்ததும் கிளிஃப்பர்ட், "போனியே, என் மரம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"பிஞ்சு புடிச்சிருக்கு" என்றாள் தெல்மா.

அவர் வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தார். அவள் அடுப்படிக்குப் போய் வெறுமனே குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அந்தச் சனிக்கிழமை பஸ் வந்து நின்றது. தெல்மா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். இறங்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். சங்கத்தார் இறங்கினார்கள், மழைச்சட்டையும் கைப்பையுமாக. அந்தக் கைப்பைகளில் சின்னக் கத்தரிக்கோல் இருக்கும், அடுத்தவர் தோட்டத்தில் ஒரு கிளையை ஒடித்துப் போட்டுக்கொள்ளாமல் திரும்பிய தோட்டக்காரரை நான் பார்த்ததில்லை. மூரியல் முன்னால் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தெல்மா வாயைத் திறப்பதற்குள் கூட்டம் வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியே விறுவிறுவென்று பின்பக்கம் போய்விட்டது.

திரும்பிய இடத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. மறைவும் இல்லை, வளைவும் இல்லை. கூட்டம் அப்படியே நின்றது.

"அடேயப்பா, பச்சைன்னா இது பச்சை" என்றாள் ஒருத்தி.

"நத்தைத் தொல்லை இருக்காது" என்றார் கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர்.

"ஓரமெல்லாம் எவ்வளவு நேரா வெட்டியிருக்கு பாரேன்."

"ரொம்ப மாடர்னா இருக்கு, கண்ணு" என்றாள் மூரியல். ஆனால் தெல்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

தெல்மாவுக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். டீ குடிப்பார்கள், நன்றி சொல்வார்கள், பஸ் ஏறுவார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரிலிருந்தும் போன் வராது. எதற்காக வரவில்லை என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேரே திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

இந்த நாட்டில் தோட்டம் வைத்திருக்கிற யாரும் விருந்தாளியிடம் சொல்கிற ஒரு பேச்சு உண்டு. தோட்டம் எப்பேர்ப்பட்ட அழகில் இருந்தாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். தெல்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நீங்க போன வாரம் வந்திருக்கணும்."

கைத்தடிக் கிழவர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். அடுத்த கணம் கூட்டம் முழுக்கக் கண்ணில் நீர் வரச் சிரித்தது.

"போன வாரம் இல்ல" என்றாள் தெல்மா, சிரிப்பு அடங்கியதும். "மூணு வருசத்துக்கு முந்தி. வீட்ட வித்துட்டோம். ஒங்ககிட்டல்லாம் சொல்லாம ஏமாத்திட்டேன். இப்ப எனக்கு ஜன்னல்ல நாலு தொட்டிதான் இருக்கு. கோவம் இருக்கறவங்க பஸ்ஸுல போய் ஒக்காருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

யாரும் நகரவில்லை. எல்லாரும் மூரியலைப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கே! இவ்வளவு தூரம் வந்துட்டு டீ குடிக்காமப் போறதா?" என்றாள் மூரியல். "டீ வர்ற வரைக்கும் சும்மா நிக்கவேண்டாம். அந்தப் பாதை எங்கதான் வளைஞ்சுச்சு, காட்டு."

தெல்மா பிளாஸ்டிக் புல்லில் கால் வைத்தாள். பாதை ஓடிய இடம் அவள் காலுக்குத் தெரியும். இங்கே மூன்று ரோஜா, இங்கே புதர், இதைத் தாண்டினால்தான் அடுத்தது தெரியும் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். கூட்டம் ஒற்றை வரிசையில் பின்னால் வந்தது. அவள் வளைந்த இடத்தில் வளைந்தது. புதர் இருந்த இடத்தில் இரண்டு பேர் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார்கள்.

கிரெய்க் பெரிய தட்டில் டீயைத் தூக்கிக்கொண்டு வந்தான். குறுக்கே நேராக வந்தான்.

"தம்பி!" என்று கத்தினாள் மூரியல். "டெல்ஃபினியத்த மிதிக்காத!"

அவன் தூக்கிய காலோடு நின்றான். கீழே பார்த்தான், அவர்களைப் பார்த்தான். பிறகு பின்வாங்கி, பாதையைச் சுற்றிக்கொண்டு வந்து டீயைக் கொடுத்தான்.

பஸ் ஏறும்போது மூரியல், "மார்ச் கூட்டத்துக்கு எனக்கு ஆள் இல்ல. தொட்டியப் பத்தியாவது வந்து பேசு" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெல்மா சரி என்றாள். சொன்ன பிறகுதான் அதுவும் ஒரு வாக்கு என்று உறைத்தது.

ஃப்ளாட்டில் கிளிஃப்பர்ட் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் பாத்தாங்களா? என் மரத்தப் பாத்தாங்களா?"

தெல்மா கோட்டைக் கழற்றாமலே அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"மரம் இல்ல, கிளிஃப். அன்னிக்கே இல்ல. ஒங்கிட்டப் பொய் சொன்னேன்."

அவர் ஜன்னலோரத் தொட்டிகள் பக்கம் திரும்பினார்.

"சுவரு?"

"சுவர் இருக்கு. ஆணி இருக்கு. அந்தப் பையன் புடுங்கிப் பாத்தானாம். வரலையாம்."

கிளிஃப்பர்ட் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்து வைத்துக்கொண்டார்.

"வராது" என்றார். "நான் அடிச்சதுல்ல."