கழுத்தில் ஸ்டென்ட், தாடையில் வலி: தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு

தேவகோட்டையிலிருந்து காரைக்குடி பதினெட்டு கிலோமீட்டர். இதற்கொரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். வீட்டில் கழுத்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் இருந்தால் கேட்கமாட்டீர்கள்.

என் கணவர் கட்டட கான்ட்ராக்டர். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு. மதுரையில் ஸ்டென்ட், அதாவது குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பி வலை, வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். இந்தத் தை மாதத்திலிருந்து கறியை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார். கேட்டால் பல் வலி என்றார். பல் டாக்டரிடம் கூப்பிட்டால் வரவில்லை. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. மறுபடி சிகரெட்டோ என்று சட்டையைக்கூட மோந்து பார்த்தேன்.

மதுரை ரத்தக்குழாய் டாக்டர் ஒருவர் சனிக்கிழமைதோறும் காரைக்குடி வருகிறார். ஸ்டென்டை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி இவரைக் கிளப்பினேன். காலை ஒன்பது மணி பஸ், முக்கால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ எண்பது ரூபாய்.

"ஸ்கேனுக்கா போறீக? அங்குட்டு வேணாம், வேற நல்ல எடம் இருக்கு" என்றார் டிரைவர். கமிஷன் இருக்கும்போல. சொன்ன இடத்துக்கே விடச் சொன்னேன்.

கறியை ஒதுக்குவதை நான் சொன்னதும், டாக்டர் இவர் கழுத்தில் கருவியை வைத்துத் திரையைக் காட்டினார். "ஸ்டென்ட் நல்லா இருக்கு. மூளைக்குப் போற குழாய் திறந்திருக்கு. ஆனா பக்கத்துல முகத்துக்கும் தாடைக்கும் பிரியுற கிளையோட வாய்க்குக் குறுக்கே அந்த வலை நிக்குது. நாளாக நாளாக அந்த வாய் சுருங்கியிருக்கு. மெல்லும்போது தாடைக்கு ரத்தம் பத்தல."

"அப்ப இன்னொரு ஆபரேஷனா?"

"வேண்டாம்மா. சின்னச் சின்னக் குழாய்கள் மெதுவா ஈடு கொடுக்கும். மாத்திரையை நிறுத்தாம ஆறு மாசம் கழிச்சு வாங்க."

ஆபரேஷன் என்றுதான் சொல்வார், சண்டை போடலாம் என்று தயாராகப் போயிருந்தேன். வேண்டாம் என்றதும் அதுவும் சந்தேகமாகிவிட்டது. சுற்றி வளைத்து மூன்று தடவை கேட்டேன். அவர் பதில் மாறவில்லை.

வெளியே வந்ததும் கணவர் சொன்னார். "தாடை வலிக்குதுன்னா திரும்பக் கழுத்துல கை வைப்பாகன்னு பயந்துட்டேன் கலா."

"அதுக்கு எங்கிட்ட பல்லு வலின்னு சொல்லுவீகளா?"

அவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

போகிறவர்களுக்கு: பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். இந்த ஸ்கேனுக்கு எங்களை வெறும் வயிற்றோடு வரச் சொல்லவில்லை. வாய் குழறினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முக்கியமாக, டாக்டர் அறைக்குள் நீங்களும் போங்கள். வெளியே உட்கார்ந்திருந்தால் அங்கே சொன்னதில் பாதிதான் நம்மிடம் வந்து சேரும். எங்கள் வீட்டில் அதுகூட வராது.