அப்பாவிடமிருந்து செய்தி கொண்டுவந்த ஏகாம்பரம் சார்

சென்ற வியாழக்கிழமை பிற்பகல் அப்பா என் அலுவலகத்துக்கு வந்தார். கிழக்குத் தாம்பரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடங்களில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் முறை. வாட்ச்மேனிடம் பெயர் சொல்லத் தயங்கி கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். நான் போனதும், "வார்டர் காலையில தவறிட்டாரும்மா" என்றார். எனக்குப் புரியவில்லையோ என்று நினைத்தவர்போல, "நம்ம ஏகாம்பரம் சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்பா அவரை 'நம்ம' என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து இதை எழுதும்போதும், என் மனதில் இருப்பது துக்கமா, நன்றியா, தீராத கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திரு. ஏகாம்பரம் அவர்கள் சிறைக் காவலராக வேலை பார்த்தவர். மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில் குடியிருந்தார். வார நாட்களில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து டியூட்டிக்குப் போவார். விடுப்பு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரி வரைக்கும் போவார். சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகளைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

பெருங்களத்தூரில் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த காலத்தில், எல்லைக்கல் தகராறில் பக்கத்து மனைக்காரரை என் அப்பா கடப்பாரையால் அடித்தார். அவர் பிழைக்கவில்லை. அப்பாவுக்கு ஆயுள் தண்டனை. நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. அம்மா இரண்டு முறை சிறைக்குப் போனார். கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் கூட்டம் ஒரே நேரத்தில் கத்துவதில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொண்டார். என்னை அழைத்துப் போகவே இல்லை. அப்பா துபாயில் இருப்பதாகப் பள்ளியில் சொல்லச் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன்.

மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் சார் எங்கள் வாசலில் வந்து நின்றார். சாதாரணச் சட்டை, பேண்ட், கையில் குடை. எந்த இடத்திலிருந்து வருகிறார் என்று தெரிந்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "பாப்பா இன்னும் நகம் கடிக்குதான்னு உங்க வூட்டுக்காரர் கேட்டாரும்மா" என்றார்.

நான் விரலை வாயிலிருந்து எடுத்தேன். அப்பாவின் முகமே எனக்குச் சரியாக நினைவில்லை. அவருக்கோ என் நகம் வரைக்கும் நினைவிருந்தது.

அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. "செத்துப்போன அந்தாளுக்கும் ரெண்டு பிள்ளைங்க சார். அதுங்ககிட்ட யார் போய் என்ன சொல்லுவாங்க?" என்று மட்டும் கேட்டார். சார் குடையை இடுக்கிக்கொண்டார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் மறுபடி வந்தார்.

அதற்குப் பிறகு மாதம் தவறியதில்லை. பாப்பாவுக்குக் கணக்கு வருகிறதா என்று அப்பா கேட்டாராம். மழையில் நனையாமல் பள்ளிக்குப் போகச் சொன்னாராம். ஒவ்வொன்றாக வந்தது. ஒரு வருடம் கழித்து அம்மா சம்மதித்து, சார் என்னை அப்பாவிடம் அழைத்துப் போனார். ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்து, அங்கே போனதும் அப்பாவைப் பார்த்து ஒரு தடவை சிரித்தால் போதும், பேச வராவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பாவுக்கும் வரவில்லை. நடுவில் நின்ற சார்தான், "பாப்பா மூணாவது ரேங்க்" என்று அவரிடமும், "அப்பாவுக்குச் சந்தோஷம்" என்று என்னிடமும் சொன்னார். அப்பா வலைக்குள் ஒரு விரலை நுழைத்தார். நான் அதைத் தொட்டேன்.

மேலதிகாரியிடம் கேட்டு என் ரேங்க் கார்டை எடுத்துப் போய் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வருவதும் அவர் வழக்கம். அந்தக் கையெழுத்துகள் உண்மையானவை. பிற்பாடு வீட்டுப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

நான் பிளஸ் டூ படித்த வருடம் அப்பா விடுதலையாகி வந்தார். வீட்டில் அவர் எங்கே உட்காருவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, என்னிடம் பேச ஏதாவது வேண்டுமே என்று, "என் தோள்பட்டை வலி எப்படி இருக்குன்னு கேட்டு அனுப்பினியே, இப்ப பரவாயில்லைம்மா" என்றார். நான் அப்படிக் கேட்டு அனுப்பியதில்லை. அவருக்குத் தோள்பட்டை வலி இருந்ததே எனக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு, நகத்தைப் பற்றி அவர் விசாரித்ததை நினைவுபடுத்தினேன். அவர் விழித்தார். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். கணக்கும் மழையும்கூட அவர் கேட்டதில்லை. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.

அம்மா சாவகாசமாக, "உனக்கு நகம் கடிக்கிற பழக்கமே அவர் உள்ள போன அப்புறம்தான் வந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பாவின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையே ஏகாம்பரம் சார் வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வு பெற்றிருந்தார். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கத்த வேண்டும் என்றுதான் போனேன். ஆனால், "எதெல்லாம் பொய் சார்?" என்று கேட்க மட்டுமே வாய் வந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "பாதி பொய்தாம்மா. பாதி அவரே கேட்டதுதான். எது எதுன்னு இப்ப எனக்கே கலந்துபோச்சு" என்றார்.

பிறகு அவரே சொன்னார். முதன்முதலில் ஒரு வீட்டுக்குப் போனபோது, 'அப்பா என்னைக் கேட்டாரா' என்ற குழந்தையிடம், ஒன்றும் கேட்கவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டாராம். அந்தக் குழந்தை அதன்பின் அவர் இருக்கும் பக்கமே வரவில்லையாம். அதனால்தான் பொய் சொல்லத் தொடங்கினார். அது எல்லா இடத்திலும் நல்லபடியாக முடியவில்லை. கூடுவாஞ்சேரியில் ஒருவர் விடுதலையாகி வந்து பெண்டாட்டியையும் மகளையும் அடித்து நொறுக்கினார். அந்தப் பெண்மணி சாரின் வாசலுக்கே வந்து, திருந்திட்டான்னு நீதானே நம்ப வச்சே என்று தெருவே கேட்கத் திட்டினாராம். "அவங்க சொன்னது சரிதான். நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்றார் சார்.

நான் அவரை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவர் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. ஆனால் அன்று மாலை திரும்பியபோது, அப்பா என்னிடம், "வார்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார். யாரும் இடையில் இல்லாமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சாரைப் பற்றியே இரண்டு மணி நேரம் பேசினோம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அவர் ஒருவர்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் நானும் அப்பாவும் மேற்குத் தாம்பரம் போனோம். பந்தலில் நாற்பது வயதுக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், வயதான பெண்கள் என்று ஒருவரையொருவர் தெரியாத கூட்டம். யாரும் யாரிடமும் எப்படிப் பழக்கம் என்று விசாரிக்கவில்லை. சாரின் மருமகன் மட்டும் அப்பாவிடம், "நீங்க மாமாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அப்பா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என் பொண்ணு" என்றார். கேட்டதற்கு அது பதிலில்லை. ஆனால் மருமகன் தலையசைத்து வழி விட்டார்.

மாலை போட்டுவிட்டு அப்பா திரும்பவில்லை. குனிந்து, சாரின் காதருகே ஏதோ சொன்னார். வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். நான் பக்கத்தில்தான் நின்றேன், மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பாடைக்குத் தோள் கொடுக்கப் போனார்.

சார், உங்களைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெளிவாகவில்லை. என் அப்பாவின் தோளில் போகிறீர்கள். போய் வாருங்கள்.